செயலிழந்த கைக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை

கையில் எலும்பு முறிவில்லை. வெளிக்காயமும் பெரிதாக இல்லை. ஆனால், கையைத் தூக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கும் இளைஞர்கள் சிலருக்கு இந்த நிலை ஏற்படுகிறது. தூக்கி எறியப்பட்டு விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடுவதால், கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் இழுபட்டு நைந்துவிடுகின்றன. சில வேளைகளில் அறுந்தும் போகின்றன. தலைக்கவசம் மண்டையைக் காக்கும், இந்த நரம்புகளைக் காக்காது.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிணைந்து, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து அக்குளை அடைகின்றன. மேல் வேர்கள் இரண்டும் கெட்டால் தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் இயலாது. கீழ் வேர்கள் கெட்டால் விரல்கள் செயலிழக்கும். விபத்துக்குப் பின் அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து, கண்மணி சிறுத்திருந்தால், கீழ் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவர்.

இழுபட்ட நரம்பு தானாகவே குணமாவதும் உண்டு. அதனால் சில வாரங்கள் பொறுத்திருந்து பார்ப்பது வழக்கம். ஆனால், காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. முன்னேற்றம் இல்லையென்றால் மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்வதே நல்லது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டே ஓராண்டைக் கடத்திவிட்டு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு. உருவிவிடுவதால் அறுந்த நரம்பு ஒட்டாது. நரம்புத் தொடர்பு அற்ற தசையோ நாளுக்கு நாள் சூம்பிப் போகும்.

அறுவைச் சிகிச்சையில் காறை எலும்புக்கு மேலே தோலைத் திறந்து, கொழுப்புத் திசுவை விலக்கி, கழுத்துத் தசைகளுக்கு இடையே நரம்புகளைத் தேடுகின்றனர். பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்களும், மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தின் நரம்பும் இருப்பதால் மிகுந்த நிதானம் தேவை. சேதம் கீழேயும் பரவியிருந்தால் தோளுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும் திறக்க வேண்டும். வெளிவந்த நரம்புகளை மெல்லிய மின்தூண்டலால் ஒவ்வொன்றாகச் சோதிப்பர். தசை துடித்தால் தொடர்பு இருக்கிறது என்று பொருள். இதற்காகவே, தசையை நெடுநேரம் தளர்த்தி வைக்கும் மருந்தை மயக்க மருத்துவர் தவிர்க்கிறார்.

அறுந்த இடைவெளியைக் காலில் எடுத்த நரம்புத் துண்டால் இணைக்கலாம். வேரோடு பிடுங்கப்பட்டதை இப்படி ஒட்ட முடியாது. வேறொரு நரம்பிலிருந்து கடன் வாங்க வேண்டியதுதான். விரல்கள் நன்றாக இயங்குபவருக்கு, கைக்குச் செல்லும் நரம்பின் ஓர் இழையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு சேர்க்கும் முறையை பிரான்சு மருத்துவர் ஒபெர்லின் 1994இல் வெளியிட்டார்.

வளரும் நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே நகர்கிறது. கழுத்திலிருந்து விரல்வரை செல்ல ஏறக்குறைய ஈராண்டு பிடிக்கும். அதற்குள் விரல் தசைகள் வீணாகிவிடும். ஆகவே முழங்கையும் தோளும்தான் முதல் இலக்கு. அதுவரை மூட்டுகள் இறுகிவிடாதபடி வீட்டில் யாராவது தினமும் அந்தக் கையை மடக்கி நீட்டிவிட வேண்டும்.