வினிகரும் ஒரு நிமிடமும்: மூன்றரை லட்சம் பெண்களின் கணக்கு

ஓர் ஆராய்ச்சி டாக்டரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது உலக வழக்கம். மும்பையில் பிறந்த ஒரு கட்டுரையை மட்டும் அப்படி எண்ணினால் போதாது. அதன் பின்னே குடிசைப் பகுதிகளில் வாழும் ஒன்றரை லட்சம் பெண்கள் நிற்கிறார்கள்.

மாட்டுங்காவில் ரெயில் ஏறினால் தாதரை அடுத்து பரேல். அங்கே 1941-ல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரியை அறியாத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. தாராவியிலும் செம்பூரிலும் "டாட்டாவுக்குப் போயிருக்கிறார்கள்" என்றால், என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியின் நோய்த் தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி. அவரும் அவருடைய குழுவினரும் 1998-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் இறங்கினார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய மேல்நாடுகளில் 'பாப் ஸ்மியர்' என்ற சோதனை உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். நுண்நோக்கியில் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் வேண்டும். முடிவு வரக் காத்திருக்கவும் வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெண் இன்னொரு நாள் திரும்பி வருவாளா? சாஸ்திரி குழு எடுத்துக் கொண்டது வினிகர். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். நீர் கலந்த அந்தத் திரவத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்தால் கோளாறுள்ள இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான்.

சோதனை செய்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண்கள்!

35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நான்கு சுற்றுகள் சோதனை. மறு பாதிப் பேருக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும். 2013-ல் சிகாகோ நகரில் கூடிய புற்றுநோய் நிபுணர்கள் மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. 2014-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த சாவு 31 சதவீதம் குறைவு. நோய் கண்டவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சோதிக்கப்பட்ட தரப்பில் நோய் முற்றுமுன்பே பிடிபட்டது.

இதற்கு முன்பே திண்டுக்கல் மாவட்டத்தில் இதே சோதனை நடந்திருந்தது. அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்திலிருந்து பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றவர் அவர். திண்டுக்கல் கிராமங்களில் நர்சுகளே சோதித்து, அவசியமானவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அளித்தார்கள். சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' ஏட்டில் அவர் எழுதினார்.

மராட்டிய மாநிலம் உஸ்மானாபாத் (இன்று தாராஷிவ்) மாவட்டத்தில் சங்கரநாராயணன், சாஸ்திரி இருவரும் இடம்பெற்ற குழு 1,31,746 பெண்களிடம் ஆய்வு நடத்தியது. அங்கே ஒரே ஒரு முறைதான் சோதனை. வினிகர் சோதனையால் சாவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசைத் தேடும் சோதனைதான் பலன் தந்தது. சோதிக்கப்படாத பிரிவில் 64 பேர் இறந்தார்கள். வைரஸ் சோதனைப் பிரிவில் 34 பேர். தங்களுக்குப் பழகிய முறைக்குச் சாதகமில்லாத முடிவையும் 2009-ல் மறைக்காமல் அச்சேற்றினார்கள். ஒரு ஆராய்ச்சியாளரின் கட்டுரைப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கசப்பான பக்கமும் உண்டு. மூன்று ஆய்வுகளிலும் சேர்ந்த 3,63,553 பெண்களில் 1,38,624 பேருக்குச் சோதனை அளிக்கப்படவில்லை. அவர்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்ததாக அமெரிக்க டாக்டர் எரிக் சூபா 2014-ல் இந்திய மருத்துவ அறநெறி ஏட்டில் கணக்குக் காட்டினார். பலனுள்ள சோதனை உலகில் இருக்கும்போது, ஏழைப் பெண்களைச் சும்மா விட்டுவிட்டு எண்ணிக் கொண்டிருந்தது நியாயமா என்பது அவர் கேள்வி. நாட்டில் எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்லாதபோது ஒப்பிட்டுப் பார்க்காமல் அரசை நம்ப வைக்க முடியாது என்பது ஆய்வாளர் தரப்பு வாதம். வாதத்தில் வலு இருக்கலாம். ஆனால் அந்த 254 பேரும் ஒவ்வொரு வீட்டில் தாயாக, அக்காளாக இருந்தவர்கள் அல்லவா?

2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறை, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வினிகர் சோதனை செய்யச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைரஸ் சோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையேனும் இந்நோய்க்காகச் சோதிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாடு முழுவதிலும் 1.9 சதவீதம்தான்.