பள்ளியில் உணவு பெற யாருக்குத் தகுதி உண்டு?

பிழைப்பை நாடிக் கிராமத்தினின்றும் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடங்களுக்குக் குடிபெயரும் பெற்றோர், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வந்து சேரும் வரை பிள்ளைக்குப் பள்ளியில் உணவு கிடைக்காதோ என்று அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை.

சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளிக்கத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் பரப்பினார். 1982இல் சத்துணவுத் திட்டம் தோன்றி, 1984இல் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது.

அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் பயிலும் மாணாக்கருக்கு இம்மதிய உணவு உரியது. வருமான வரம்பு இதற்கில்லை. பதிவேட்டில் பெயர் இருத்தலே தகுதியாம். 2022இல் தொடங்கிய காலை உணவோ ஐந்தாம் வகுப்புடன் நின்றுவிடுகிறது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இவ்விரண்டும் இல்லை. சேர்க்கும் முன்பே பெற்றோர் இதனைக் கேட்டறிதல் நலம்.

மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயினும், வயதுச் சான்று இல்லாதிருப்பினும், எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுத்தலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. ஆதலின், ஊர் மாறியதும் முதல் வேலையாகப் பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்திடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். சேர்க்கை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் ஒரு வேளைச் சோறும் தள்ளிப்போகிறது.