பனிக்கட்டியின்மேல் ஒரு கல்லாட்டம்

தாம்பரத்தில் வளர்ந்த ஒருவனுக்குக் குளிர் என்பது மார்கழி விடியலில் ஒரு போர்வையோடு தீர்ந்துபோகும் காரியம். அத்தகையவன் ஸ்காட்லாந்தில் முதற் பனிக்காலத்தைக் கழிக்க நேரின், அவன் படும் பாட்டை விரித்துரைத்தல் வேண்டா. பிற்பகல் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். யான் ஊருக்கே திரும்பிவிடக் கருதி, வீட்டுக்குக் கடிதம் எழுதி உறையிலிட்டு வைத்திருந்த வாரத்தில், அண்டை வீட்டு முதியவர் ஒருவர் வந்து, "எங்கள் குழுவில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறீரா?" என்றார். அவர் அழைத்தது கர்லிங் என்னும் ஆட்டத்திற்கு.

1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும், பின்வந்த வில்லியம் மில்லரும் பிறந்த நாடு ஸ்காட்லாந்து. அங்கிருந்து கல்வி நம்மிடம் வந்தது. இவ்வாட்டம் வாராமைக்கு நம் வெயிலே காரணம் போலும்!

காரம் பலகையொன்றைச் சுமார் 150 அடி நீளமும் 15 அடி அகலமுமாக நீட்டி, அதனைப் பனிக்கட்டியாற் சமைத்து, காய்க்குப் பதிலாகக் கருங்கல்லை வைத்ததாக எண்ணிக்கொண்டால், இதன் உருவம் ஒருவாறு மனத்தில் தோன்றும். எதிர்க்கோடியில் 12 அடி குறுக்களவுள்ள வட்டம் ஒன்றும், அதனுள் சிறு வட்டங்களும் வரையப்பட்டிருக்கும். அதற்கு 'வீடு' என்று பெயர். குழுவுக்கு நால்வர், ஒருவருக்கு இரண்டு கல். பதினாறு கற்களும் சென்றபின், நடுப்புள்ளிக்கு மிக அணித்தாய்க் கல் நிற்கும் குழுவுக்கே எண்ணிக்கை உண்டு. எதிரியின் மிக அண்மைக் கல்லினும் உள்ளே நிற்கும் தம் கல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

ஆட்டம் பழமையானது. 1511 என்று ஆண்டு பொறித்த கல்லொன்று ஸ்டர்லிங் நகரத்துக் காட்சிசாலையில் உள்ளது. 1838-இல் எடின்பரோவில் இதற்கெனப் பெருஞ்சங்கம் ஒன்று அமைந்தது. 1842-இல் விக்டோரியா அரசியார் ஸ்கோன் மாளிகைக்கு வந்தபோது, பனியில்லாக் குறையை நீக்க, நடனக்கூடத்தின் மெருகிட்ட தரையிலேயே ஆடிக் காட்டினராம். மறு ஆண்டு அச்சங்கத்திற்கு அரச முத்திரைப் பெயர் கிடைத்தது. ஒலிம்பிக் பந்தயங்களில் 1924-இல் ஆடப்பெற்று, நெடுங்காலம் விடுபட்டிருந்து, 1998 முதல் நிலைபெற்றுள்ளது.

கல்லைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; பல்லாவரம் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கல்லில் ஈடுபாடு இயல்பு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிமேல் இட்ட கல் நம் பக்கத்துக் கல்லே. அதனால் ஹாலண்டு என்னும் நிலநூலார் அவ்வினத்துக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். கர்லிங் கல்லுக்குப் புகழ்பெற்ற இடமோ கிளைடு கடல்வாயில் நிற்கும் எயில்சா கிரேக் என்னும் சிறு தீவு. அத்தீவின் கல் மிக நெருங்கிய மணியுடையது. நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. நீர் உட்புகுந்து உறைந்தால் கல் வெடிக்குமாதலின் இக்குணம் இன்றியமையாதது. கல்லின் எடை 44 இராத்தலுக்கு மிகலாகாது. நம் ஊர்களில் இளைஞர் தோளுக்கு ஏற்றும் இளவட்டக்கல்லோடு ஒப்பிட்டு யான் நகைத்தேன். கல்லைத் தூக்குவதன்று, விடுவதே அருமை என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

கல்லின் அடிப்பாகம் குழிந்திருத்தலின், ஒரு வளையமே தரையைத் தொடும். தரையும் வழுவழுப்பன்று, நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிட்டுச் சிறு முத்துக்களாய் ஆக்கியிருப்பர். கல்லை மெல்லத் திருகி விட்டால் அது திருகிய பக்கமே வளைந்து செல்லும். மேசைமேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளையைத் திருகித் தள்ளிப் பாருங்கள். அது எதிர்ப்பக்கம் வளையும். இம்மாறுபாட்டின் காரணத்தைக் குறித்துப் பௌதிக நூலார் இன்றும் வழக்காடுகின்றனர். கல்லுக்கு முன்னே இருவர் துடைப்பம் கொண்டு பனியைத் தேய்த்து ஓடுவர். தேய்த்தலால் பனிமுகம் சிறிது சூடேறி உராய்வு குறைய, கல் இன்னும் சில அடி தூரம், வளைவு குறைந்து செல்லும். பெருக்கும் தொழிலைப் பந்தயமாக்கிய நாடு வேறுண்டோ அறியேன்.

முதல் மாலையில் யான் ஐந்து முறை விழுந்தேன். ஒரு காலில் வழுக்கும் அடித்தோல், மற்றதில் ரப்பர். எந்தக் காலை நம்புவது என்பதை உடல் கற்கவேண்டும். இரண்டாம் வாரம் மெய்யான ஆட்டம். கடைசிக் கல் எங்களுடையது. அது வீட்டை அடைந்தால் வெற்றி. பாதி வழியில், தேய்த்துச் சென்ற என் துடைப்பம் கல்லின் ஓரத்தைத் தொட்டது. தொட்ட கல் 'வெந்த கல்'. அதனை உடனே விலக்கவேண்டும் என்பது விதி. இத்தகைய ஊர் ஆட்டங்களில் நடுவர் இல்லை; தொட்டவனே சொல்லவேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை. ஆயினும் கல் போய்க்கொண்டிருந்தது, நேரம் இல்லை. "தொட்டுவிட்டேன்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. மீண்டும் உரக்கச் சொன்னேன். எங்கள் முதியவர் கல்லைக் காலால் தடுத்து ஓரத்திற்குத் தள்ளினார். தோற்றோம்.

ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. வென்றவர் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தருதல் அங்கு மரபு. யான் தேநீர் கேட்டேன். எதிர்க்குழுத் தலைவர் கொணர்ந்து வைத்து, நம் ஊரில் பனி எத்தனை மாதம் பெய்யும் என்று வினவினார். தாம்பரத்து வெயிலை விளக்க அரைமணி ஆயிற்று. எழும்போது முதியவர், "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு" என்று மட்டும் சொன்னார். உறையிலிட்ட கடிதத்தை யான் அஞ்சலிற் சேர்க்கவில்லை.