பட்டறையும் பட்டமும் – 9: படிக்கும்போதே பழகட்டும்

1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு தொடங்கிய ஏற்பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. நம் ஊரில் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. அந்த வழியில் வந்ததுதான்.

அரசும் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில், 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் சேர்த்தார்கள். பட்டம் வாங்கியவர் மட்டுமல்ல, அதற்காகப் படித்துக்கொண்டிருப்பவரும் இதில் அடக்கம். ஆனால் நிறுவனங்களின் அறிவிப்புகள் பெரும்பாலும் படிப்பை முடித்தவர்களையே கேட்கின்றன. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

ஏன் படிக்கும்போதே? ஓர் எஃகு பாகத்தில் தண்டு நுழைய 100 மி.மீ. துளை, அதாவது போர். டிராயிங்கில் எச்7 என்று இருந்தால், 100-க்குக் குறையக் கூடாது, 0.035 மி.மீ.க்கு மேல் கூடவும் கூடாது. லேத்திலிருந்து கழற்றிய கையோடு மைக்ரோமீட்டரை உள்ளே விட்டால் அளவு சரியாக நிற்கும். புதுப் பையன் 'ஓகே' என்று எழுதப் போவான். "ஆறட்டும் தம்பி, சூட்டுல அளந்தா ஏமாத்தும்" என்று தடுப்பார் பழைய ஆபரேட்டர். 30 டிகிரி கூடுதல் சூட்டில் அந்தப் போர் ஏறக்குறைய 0.035 மி.மீ. விரிந்திருக்கும். அனுமதித்த அளவு முழுவதையும் சூடே தின்றுவிடும். ஆறியபின் தண்டு உள்ளே போகாது. வெப்ப விரிவுச் சூத்திரம் அவன் முதல் வருடமே எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். அடுத்த செமஸ்டரில் வகுப்புக்குத் திரும்பும்போது அவன் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். பட்டம் வாங்கிய பிறகு அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

பணத்தையும் பேச வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் பட்டப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைக்கு அது பெரிய தொகை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வருகிறவனுக்கு அறை வாடகையும் மெஸ் செலவும் போனால் மிச்சம் ஏது? தொழிற்பேட்டைகளில் பழகுநர் விடுதி கட்டாமல் இந்தத் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளிடம் போய்ச் சேராது.

பழகுநர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. அதனால் எந்த மெஷினில், எத்தனை வாரம், யாரிடம் கற்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே கேளுங்கள். ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. சந்தேகம் என்றால் அங்கே விசாரிக்கலாம்.

(தொடரும்)