எதிர்பார்ப்பும் காட்சியும்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தினின்று அரியலூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பெண்ணாடம் என்னும் ஊர் உள்ளது. வெள்ளாற்றுக்கு அணித்தாக அமைந்த அவ்வூர், மெய்கண்டார் பிறந்த ஊர் என்னும் பெருமை வாய்ந்தது. அங்குள்ள சிவன் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்பது பழம்பெயர். அப்பெயரைக் கேள்வியுற்ற சிறுவன் ஒருவன், கோயிலைக் காணுமுன்னரே தன் மனத்தில் ஒரு யானையைப் படைத்துக்கொள்வான். அந்த யானைக்குத் துதிக்கை உண்டு, தந்தம் உண்டு, மூடிய கண்களும் உண்டு. ஆனால், கோயிலுட் சென்று கருவறையின் பின்புறத்தே நின்று நோக்கும்போது அவன் காண்பது வேறு. படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்து எழுந்த விமானமே அங்கு உள்ளது. துதிக்கையைத் தேடிய சிறுவனுக்கு ஏமாற்றம் உண்டாகிறது. அருகிலிருக்கும் பெரியவர் ஒருவர் அவ்வளைவைச் சுட்டிக்காட்டி, அதனை அமைத்த சிற்பியரின் திறத்தை எடுத்துரைத்தால், ஏமாற்றம் நீங்கி வியப்புத் தோன்றும்.

இங்குப் பெயரிட்டோர் பொய் கூறவில்லை. சிறுவனும் பிழை செய்யவில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இருந்த வெளியை அவனது கற்பனை நிரப்பிற்று, அவ்வளவே. எதிர்பார்ப்பின் இயல்பு இதுதான். கேட்பது சிறிது, கேட்டதைக்கொண்டு மனம் கட்டிக்கொள்வது பெரிது. திருவிழாவுக்குக் காத்திருப்போரிடமும், புதிய திரைப்படத்துக்குக் காத்திருப்போரிடமும் இதனைக் காணலாம். இக்காலத்தில் இவ்வியல்பு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. அது கணிப்பொறி விளையாட்டுகளின் உலகம். அவற்றுள்ளும், திறந்த உலக விளையாட்டு எனப்படும் வகைக்கு எழும் எதிர்பார்ப்பு மிகப் பெரிது.

திறந்த உலக விளையாட்டு என்பது யாது? நாடக மேடையில் பின்திரை தொங்குகிறது. அதில் மலையும் ஆறும் அரண்மனையும் தீட்டப்பட்டுள்ளன. காண்போர் தம் இருக்கையைவிட்டு எழுந்து, அத்திரைக்குப் பின்னே சென்று பார்ப்பதில்லை. ஆதலின், ஓவியர் முன்புறத்தை மட்டும் அழகுறத் தீட்டினால் போதும். திறந்த உலக விளையாட்டிலோ, காண்பவரே மேடைமீது ஏறிவிடுகிறார். தொலைவில் தெரியும் மலைமீது ஏறலாம். அதன் மறுபுறம் இறங்கலாம். அங்குள்ள ஆற்றைக் கடக்கலாம். எத்திசையில் எப்போது செல்வார் என்பதை ஆக்கியோர் முன்னரே அறிய இயலாது. எனவே, எல்லாத் திசைகளிலும் உலகம் அவருக்காகக் காத்திருத்தல் வேண்டும்.

இக்காட்சி எவ்வாறு தோன்றுகிறது? கணிப்பொறியின் திரை, நுண்ணிய புள்ளிகளால் ஆனது. பல திரைகளில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள்ளன. இவற்றைப் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள் ஆகும். அசைவு தடையின்றித் தோன்ற, நொடிக்கு முப்பது படங்களேனும் வேண்டும். எனவே, ஒவ்வொரு நொடியிலும் ஆறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. ஒளி எத்திசையினின்று வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, நீரில் எது எதிரொளிக்கிறது என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கும். திரைப்படத்துக்குரிய கணிப்பொறிச் சித்திரமாயின், ஒரே படத்தை வரையப் பல மணி நேரம் செலவிடலாம். விளையாட்டுக்கோ, ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கே கிடைக்கிறது. அதனால், அருகிலுள்ள பொருளை நுணுக்கமாகவும், தொலைவிலுள்ளதைப் பருமட்டாகவும் வரைந்து கணிப்பொறி தன் உழைப்பைச் சுருக்கிக்கொள்கிறது.

விளையாட்டு வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே முன்னோட்டப் படம் ஒன்று வெளியிடப்படுவது வழக்கம். அதில் செல்லும் வழி ஒன்றே. அதனை ஆக்கியோரே தேர்ந்தெடுத்துள்ளனர். அழகிய பள்ளத்தாக்கு எங்குள்ளதோ, அங்கேயே காட்சி நடக்கும். சில வேளைகளில், அக்காட்சிக்கெனவே மரமும் விலங்கும் தனியே அமைக்கப்படுவதும் உண்டு. பின்னர், அதே விளையாட்டு இல்லங்களிலுள்ள எளிய கருவிகளில் ஓட வேண்டிய நிலை வருகிறது. அப்போது புற்கள் குறையும், நிழல் மங்கும், தொலைவிலுள்ள மரம் திடீரெனத் தோன்றும். முன்னோட்டத்தைக் கண்டு மனத்தில் யானையைக் கட்டியவர், துதிக்கை எங்கே என்று கேட்கத் தொடங்குவார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் கில்ட்போர்டு என்னும் நகரில் உருவான ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டு. எவர்க்கும் உரிமையாகாத வானம் என்பது அப்பெயரின் பொருள். அதனை ஆக்கிய ஹலோ கேம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியோர் இருபதின்மருக்கும் குறைவானவரே. அவர்களுக்குத் தலைவர் ஷான் மர்ரி. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதன் முன்னோட்டம் முதன்முறை வெளிவந்தது. ஒரு கோளில் நடந்து, கலத்தில் ஏறி, வானத்தைக் கடந்து, வேறொரு கோளில் இறங்கலாம் என்பதைக் கண்டோர் வியப்பில் மூழ்கினர். அதே மாதத்தில் அவர்களது அலுவலகத்தை வெள்ளம் சூழ்ந்து, கணிப்பொறிகளைப் பாழாக்கியது. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்ட கடலூர் மாவட்டத்தார், அவ்விழப்பின் கொடுமையை எளிதில் உணர்வர். எனினும், அவர்கள் பணியைக் கைவிடவில்லை.

அவ்விளையாட்டிலுள்ள கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616 என்று கூறப்பட்டது. இவ்வெண் தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதியதன்று. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அறுபத்துநான்கு கட்டங்களிலும் இரட்டித்து வைக்கும்படி அரசனிடம் வேண்டிய அறிஞனின் கதையைப் பலரும் அறிவர். அங்கு வந்து சேரும் நெல்லின் தொகையோடு ஒன்றைக் கூட்டினால், இக்கோள்களின் தொகை கிடைக்கும். ஒரு கோளுக்கு ஒரு நொடி வீதம் பார்த்துச் சென்றாலும், எல்லாவற்றையும் கண்டு முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

இத்தனை கோள்களை மிகச் சிலர் எவ்வாறு வரைந்தனர்? அவர்கள் கோள்களை வரையவில்லை. கோள்களை வரையும் விதிகளை வகுத்தனர். இதனை விளக்க, வீட்டு வாயிலில் இடும் கோலமே போதும். புள்ளிகளை வரிசையாக வைப்பதற்கும், அவற்றைச் சுற்றிக் கம்பியை வளைப்பதற்கும் சில விதிகளே உண்டு. அவ்விதிகளை அறிந்தவர் நாள்தோறும் புதிய கோலத்தை இடுகிறார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலத்துக்குரிய இத்தகைய இலக்கணத்தை ஆராய்ந்து, 1974-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணிப்பொறி வரைகலைக்கு உரிய ஆங்கில ஆராய்ச்சி இதழிலேயே அது வெளிவந்தது. கோள்களை ஆக்கும் முறையும் இத்தகையதே. விதை போன்ற எண் ஒன்றைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால், அது விதிகளின்படி மலையையும் கடலையும் விலங்கையும் ஆக்கித் தருகிறது. அதே எண்ணை மீண்டும் கொடுத்தால், அதே கோளே மீண்டும் தோன்றும். ஆதலின், கோள்களை ஓரிடத்தில் சேமித்து வைக்க வேண்டுவதில்லை.

ஆனால், இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஓர் இலக்கணத்திற் பிறந்த கோலங்கள் ஆயிரமாயினும், அவற்றிடையே ஒரு சாயல் இருக்கும். பத்துக் கோலங்களைக் கண்டபின், பதினோராவது வியப்பூட்டுவதில்லை. எண்ணிக்கை வேறு, வேற்றுமை வேறு. எதிர்பார்த்தோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டனர்.

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மற்றொரு முன்னோட்டம் வெளிவந்தது. அதில் அடர்ந்த காடுகளும், பேருருவம் கொண்ட விலங்குகளும், கூட்டமாக ஓடும் உயிர்களும் இருந்தன. பிற விளையாட்டாளரை அவ்வுலகில் சந்திக்கக் கூடுமா என்று கேட்டபோது, கூடும். ஆனால் அது மிக அரிது என்னும் பொருள்பட விடை வந்தது. இவ்வாறு எதிர்பார்ப்பு ஏறத்தாழ மூன்றாண்டுகள் வளர்ந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவர வேண்டிய விளையாட்டு ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளப்பட்டபோது, ஷான் மர்ரிக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. வெறும் விளையாட்டின் பொருட்டு ஒருவர் உயிருக்கு அச்சம் விளைவித்தல், எதிர்பார்ப்பு அறிவை மறைத்ததற்கு அடையாளமாகும்.

ஆகஸ்டு மாதத்தில் விளையாட்டு வெளிவந்தது. கணிப்பொறியில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வேளையில் விளையாடினர். முதல் நாட்களிலேயே விளையாட்டாளர் இருவர், ஒரே கோளின் ஒரே இடத்துக்கு வந்து நின்றனர். ஆயினும், ஒருவரை ஒருவர் காண இயலவில்லை. முன்னோட்டத்திற் கண்ட காடும் விலங்குக் கூட்டமும் பலருக்குத் தென்படவில்லை. சில வாரங்களில் விளையாடுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. செலுத்திய பணத்தைப் பலர் திருப்பிக் கேட்டனர்.

பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் முறையீடுகள் சென்றன. ஆணையம் ஆராய்ந்து, விளம்பரம் மக்களைத் தவறான வழியில் செலுத்தவில்லை என்று 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முடிவு கூறியது. ஆயினும், விதியின் முன் குற்றமற்றவராதல் வேறு. மக்களின் நம்பிக்கையைப் பெறுதல் வேறு. முன்னதை ஆணையம் அளித்தது. பின்னதை அளிக்க அதனால் இயலாது. அதனை உழைத்தே பெறவேண்டும்.

ஆக்கியோர் அவ்வாறே செய்தனர். சினமும் ஏளனமும் சூழ்ந்த அந்நாட்களில் அவர்கள் பேச்சை நிறுத்தினர், பணியைத் தொடர்ந்தனர். அதே நவம்பர் மாதத்தில் முதற் பெருந்திருத்தம் வெளிவந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், விளையாட்டாளர் ஒருவரையொருவர் கண்டு உடன் விளையாடும் வசதி முழுமையாக வந்தது. திருத்தங்கள் யாவும் விலையின்றியே வழங்கப்பட்டன. வெறுத்துச் சென்றோர் பலர் திரும்பி வந்தனர். 2020-ஆம் ஆண்டில், தொடர்ந்து வளர்ந்துவரும் விளையாட்டுக்குரிய பரிசு ஒன்றையும் அது பெற்றது.

சிறிய நிறுவனத்துக்கே இந்நிலை நேரும் என்று எண்ணுதல் தவறு. போலந்து நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்று ஆக்கிய ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டு, வயது வந்தோர்க்கு உரியது. எட்டாண்டு எதிர்பார்ப்புக்குப் பின் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அது வெளிவந்தபோது, பழைய கருவிகளிற் பெருங்குறைகளோடு ஓடிற்று. சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து சில மாதங்கள் நீக்கி வைத்தது. அதன் குறைகளும் பின்னர் ஆண்டுக்கணக்கான உழைப்பினாலேயே களையப்பட்டன.

இவற்றால் அறியப்படுவது யாது? ஆக்குவோர், செய்து முடித்ததையும் செய்ய விரும்புவதையும் வேறுபடுத்திக் கூறுதல் வேண்டும். விருப்பத்தை வாக்குறுதிபோல் உரைத்தால், கேட்போர் அதனைக் கடனாகவே எழுதிக்கொள்வர். வாங்குவோரும், முன்னோட்டம் தேர்ந்தெடுத்த ஒரு வழியே என்பதை உணர்தல் வேண்டும். பொருளைக் காணுமுன் பணம் செலுத்துவதைவிட, வெளிவந்தபின் பிறர் கூறுவதைக் கேட்டு முடிவு செய்தல் நன்று. குறை கண்டவிடத்துச் சினந்து வசைமொழி பேசுதல் ஒருவர்க்கும் பயன் தாராது. குறையை எடுத்துக் கூறுதலே திருத்தத்துக்கு வழி செய்யும்.

எதிர்பார்ப்புத் தீயதன்று. அஃது இல்லையேல், பெண்ணாடத்துச் சிறுவன் கோயிலின் பின்புறம்வரை நடந்து செல்லமாட்டான். ஆயினும், தன் மனத்திலுள்ள யானையைச் சற்றே விலக்கிவிட்டு, எதிரே நிற்கும் வளைவை அவன் பொறுமையோடு நோக்குதல் வேண்டும். அப்போதுதான், அங்கே உண்மையாக உள்ள அழகு அவன் கண்ணுக்குப் புலப்படும்.