மாமா மாலை போட்ட வருஷம்



என் தாய்மாமா கருப்பட்டி வியாபாரி. நான் ஆறாவது படிக்கும்போது அவர் ராத்திரி தூங்காமல் முற்றத்தில் நடப்பார். "காதுக்குள்ள யாரோ ஏசுதான்" என்பார். அந்தக் குரலை அமுக்கத்தான் குடிக்க ஆரம்பித்தார். முதலில் தூக்கம் வந்தது. பிறகு குடி கூடக்கூட குரலும் கூடியது, குரல் கூடக்கூட குடியும் கூடியது. ஊரில் "குடிச்சே பைத்தியம் பிடிச்சிட்டு" என்றார்கள். ஆச்சி செய்வினை என்றாள்.

வைத்தியத்துக்கும் அலைந்தோம். குடியை நிறுத்தும் ஓர் இல்லத்தில், "மனநோய் இருக்கு, இங்க முடியாது" என்றார்கள். இன்னொரு இடத்தில், "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க" என்றார்கள். அம்மா பஸ்ஸிலேயே அழுதாள்.

அப்புறம் மாமா குலசை தசராவுக்கு மாலை போட்டார். மாலை போட்டால் சொட்டுக்கூடத் தொடக் கூடாது, நம் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் "அம்மன் வந்திருக்கா" என்று கும்பிட்டார்கள். சாயங்காலம் வலிப்பு வந்தது. 108-ல் ஏற்றிக்கொண்டு போனோம்.

டாக்டர் அம்மா விளக்கியது இதுதான். மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிக்கிறவரின் மூளை அதை ஈடுகட்டத் தன்னை முறுக்கியே வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது எல்லாம் அதனால்தான். சமயத்தில் உயிரே போய்விடும். நிறுத்துவது தப்பில்லை, டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம்.

ஒரு வாரத்தில் பூச்சிகள் போய்விட்டன. குரல் போகவில்லை. சில வாரம் கவனித்த பிறகுதான், "இவருக்கு ரெண்டு நோய். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பார்த்தா ரெண்டும் திரும்பி வரும்" என்று சொல்லி இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் தொடங்கினார். உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு தடவை மறுபடி குடித்தார். குடித்த நாளில் மாத்திரை ஆகாது என்று அவராகவே மாத்திரையை விட்டுவிடுவார், அதில் குரல் இன்னும் மோசமாகும். அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லணும் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். மாமாவையும் கட்டிப்போடச் சொன்னவர்கள் உண்டு. 2017-ம் வருட மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறையும் அந்தச் சட்டம் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. 2022-லிருந்து 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நான் ஒருமுறை பேசியிருக்கிறேன், யாரும் திட்டவில்லை.

இந்த வருஷம் மாமா டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மாலை போட்டார். மாத்திரையை நிறுத்தவில்லை. குரங்கு வேஷம் கட்டி எங்க தெருவுக்கும் காணிக்கை வாங்க வந்தார். நான் அஞ்சு ரூபாய் போட்டேன்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு