ஒரே தொட்டியில் ஓர் இணை

சிறுத்தைப் பல்லிகளில் ஆணையும் பெண்ணையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வைக்கலாமா என்னும் வினாவுக்கு, வளர்ப்போர் பெரும்பாலும் தொட்டியின் நீள அகலத்தையும் மறைவிடங்களின் எண்ணிக்கையையும் கொண்டே விடை காண முயல்கின்றனர். அந்த ஏற்பாட்டின் சுமை எந்த உடலின்மேல் விழுகிறது என்பதைப் பார்க்காமல் தொட்டியை அளந்து பயனில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறைநிலங்களுக்கு உரிய இந்த உயிரினம் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்டு, மஞ்சளும் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பல நிற வகைகளில் விற்கப்படுகிறது. நிறம் மாறியதே தவிர, இணைசேர்க்கையின் ஒழுங்கு மாறவில்லை.

முட்டைக் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. பெண் ஒவ்வொரு முறையும் வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். ஓர் ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் இடையே மூன்று வாரங்கள் அளவில் கழியும். நன்கு உணவு கிடைக்கும் பெண் ஒரே பருவத்தில் ஐந்தாறு ஈடுகள் வரை இடுவதுண்டு. ஐம்பது கிராம் எடையுள்ள ஒரு பெண், ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள முட்டைகளைப் பன்னிரண்டு இட்டால், தன் உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பொருளைச் சில மாதங்களில் வெளியேற்றிவிடுகிறது. இதற்கான கொழுப்பு அதன் தடித்த வாலிலிருந்தும், சுண்ணச்சத்து உணவில் போதாதபோது எலும்புகளிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. வளர்ப்போர் இரையாகத் தரும் சிள்வண்டுகளில் எரியம் (பாஸ்பரஸ்) மிகுதியாகவும் சுண்ணச்சத்து குறைவாகவும் இருப்பதால், இரையின்மீது சுண்ணத்தூள் தூவப்படாவிட்டால், எலும்பு மென்மையுற்று வளையும் எலும்பு வளர்சிதை நோய்க்கு முதலில் ஆளாவது முட்டையிடும் பெண்ணே. முட்டை வெளிவராமல் உடலுக்குள்ளேயே தங்கிவிடும் முட்டைத் தேக்கம் இதனினும் கொடியது. கால்நடை மருத்துவர் உதவி உரிய காலத்தில் கிடைக்காத இடங்களில் அது உயிரையே பறிக்கும்.

ஆணோ இந்தக் கணக்கில் எதையும் இழப்பதில்லை. பெண்ணின் மணம் எட்டியதும் அது வால் நுனியை விரைந்து அதிர்த்து, கேட்கத்தக்க ஒலி எழுப்பி அணுகி, பெண்ணின் உடலையோ கழுத்தையோ பல்லால் பற்றிக்கொண்டு இணைசேரும். விருப்பமில்லாத பெண் காட்டுப் பாறைப் பரப்பில் விலகிச் சென்றுவிடும். சுவரேறும் வீட்டுப் பல்லிக்கு உள்ள ஒட்டும் விரல்தகடுகள் இதற்கு இல்லாமையால், தொட்டியின் நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் விலகிச் செல்ல இடமேதும் எஞ்சுவதில்லை. ஆண் தன் எதிரில் நிற்பதை இணையென்றோ எதிரியென்றோ தோலிலிருந்து வரும் வேதிக் குறிகளைக் கொண்டே பெரிதும் பிரித்தறிகிறது. தோலுரிக்கும் நேரத்தில் அந்தக் குறிகள் மாறிப்போவதால், முந்தைய நாள் வரை காதல் காட்டிய ஆண் அதே பெண்ணைப் போட்டியாளனாக எண்ணித் தாக்குவதும், உரிப்பு முடிந்ததும் மீண்டும் இணைசேர முனைவதும் 1990ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலேயே பதிவாகியுள்ளன. தோலுரித்தல் ஆண்டில் பலமுறை நிகழ்வதாகையால், இணக்கமாக இருப்பதாகக் கருதப்படும் இணையிடத்திலும் இந்த ஆபத்து மாதந்தோறும் திரும்ப வருகிறது. தாக்குதலில் வால் உதிர்ந்தால், முட்டையிடும் காலத்துக்கென்று அதில் சேர்ந்திருந்த கொழுப்பும் அதனுடனே போய்விடுகிறது.

இவையெல்லாம் தெரிந்தே ஆணையும் பெண்ணையும் சேர்ப்பவர்களைவிட, தெரியாமல் சேர்ப்பவர்களே அதிகம் என்பதுதான் இத்துறையில் மிகுந்த கவலைக்குரியது. இரண்டு பெண் குஞ்சுகள் என்று நம்பி வாங்கப்படுபவற்றுள் ஒன்று ஆணாக வளர்ந்துவிடுவது இப்பல்லிகளின் வணிகத்தில் அடிக்கடி நிகழ்கிறது. இதற்கான காரணம் பாலினம் உருவாகும் முறையிலேயே உள்ளது. பாலினத்தைக் குறிக்கும் தனிக் குரோமோசோம்கள் சிறுத்தைப் பல்லிக்கு இல்லை. முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. 26 பாகை செல்சியசில் கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகும், 30 பாகையில் நான்கில் ஒரு பங்கு ஆணாகும், 32.5 பாகையில் நான்கில் மூன்று பங்கு ஆணாகும். 34 பாகையை எட்டினால் நிலை தலைகீழாகி மறுபடியும் பெண்களே மிகும். ஆகவே ‘பெண்ணுக்குரிய வெப்பத்தில் பொரிக்கப்பட்டது’ என்று விற்பவர் சொல்வது ஒரு நிகழ்தகவே. அது உறுதிமொழி ஆகாது. அடைகாப்புப் பெட்டியின் வெப்பமானி ஓரிரு பாகை பிழையாகக் காட்டினாலும் அந்த நிகழ்தகவு வேறாகிவிடும். போதாக்குறைக்கு, மிகுந்த வெப்பத்தில் பொரிந்த பெண்கள் ஆணை ஏற்காமல் சீறிப் பாய்வதாகவும், முட்டையிடும் திறன் குன்றியவையாக இருப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. இணைசேர்ப்பதற்கென்றே வாங்கப்படும் பெண் எந்த வெப்பத்தில் பொரிந்தது என்பதைக் கேட்டறியும் வழக்கமோ மிகக் குறைவு.

குஞ்சின் பாலினத்தைக் கண்ணால் அறிவதும் எளிதன்று. வளர்ந்த ஆணுக்குக் கழிவாய்க்கு முன்னால் தலைகீழ் ‘வி’ வடிவில் மெழுகு கசியும் துளை வரிசையும், வாலடியில் இரு புடைப்புகளும் தெளிவாகத் தெரியும். சில வாரக் குஞ்சிலோ உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டும் ஊகமே செய்ய முடியும். அறிகுறிகள் ஐயமற வெளிப்படும் காலத்துக்குள், உடன்பிறந்தவையே ஒரே தொட்டியில் இணைசேர்ந்து, எலும்பு முற்றாத இளம் பெண் முட்டை சுமக்கத் தொடங்கியிருக்கும். ஐம்பது கிராம் எட்டாத, ஓராண்டு நிறையாத பெண்ணை ஆணுடன் சேர்க்கலாகாது என்று அனுபவமிக்கவர்கள் வகுத்த வரம்பு, இத்தகைய வீடுகளில் மீறப்படுவதைக்கூட எவரும் அறிவதில்லை. குஞ்சுகளைத் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக வளர்ப்பது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். விற்பவரின் சொல்லுக்கு மேற்பட்ட சான்று இல்லாத இடத்தில் அதைவிடக் குறைவான எச்சரிக்கை போதாது.

ஓர் ஆணையும் மூன்று நான்கு பெண்களையும் அகன்ற தொட்டியில் பல ஆண்டுகள் சண்டையின்றி வைத்திருப்போரும் உண்டு. ஆயினும் சண்டையின்மை என்பது உடல்நலத்துக்குச் சான்றாகாது, ஏனெனில் வலுவற்ற பல்லி எதிர்ப்புக் காட்டாமல் மறைவிடத்திலேயே ஒடுங்கி, வெப்ப இடத்தையும் இரையையும் விட்டுக்கொடுத்து மெலிவதைச் சண்டையாக எவரும் காண்பதில்லை. சேர்ந்து வாழும் தொட்டியில் யார் உண்டார், எந்தக் கழிவு யாருடையது என்பதும் தெரியாமற் போவதால், குடலைத் தாக்கி வாலைக் குச்சிபோல் மெலியச் செய்யும் ஒட்டுண்ணி நோய் ஒன்றில் நுழைந்து எல்லாவற்றிலும் பரவிய பின்னரே கண்ணில் படும்.

ஆகவே பாதுகாப்பான ஏற்பாடு என்பது ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டியே. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் ஒரு பல்லிக்கு வசதியானவை. ஒன்றையொன்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதே ஆணைக் கிளர்ச்சியிலும் பெண்ணை அச்சத்திலும் வைத்திருக்கும் என்பதால், தொட்டிகளுக்கு இடையே ஒளி ஊடுருவாத தடுப்பும் வேண்டும். குஞ்சுகள் பெற வேண்டும் என்று தீர்மானித்தவர், எடையும் வயதும் நிறைந்த பெண்ணைச் சில நாள்கள் மட்டும், அதுவும் தோலுரிப்புக்குரிய வெளுப்பு தெரியாத நாள்களில், ஆணின் அருகில் விட்டு, கண்காணித்து, பிரித்துவிடலாம்; பெண்ணின் தொட்டியில் ஈரப்பாசி நிரப்பிய முட்டைப் பெட்டி ஒன்றும், தூய சுண்ணத்தூள் நிரம்பிய கிண்ணம் ஒன்றும் அதற்கு முன்பே இருக்க வேண்டும். பிரித்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை: பெண் ஆணின் விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைத்திருக்க வல்லது, ஒருமுறை நேர்ந்த இணைசேர்க்கையைக் கொண்டே அது ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஈடுகள் கருவுற்ற முட்டைகளை இடும்; ஆகவே ஆணைவிட்டுப் பிரித்த பிறகும் அந்தப் பருவம் முடியும்வரை சுண்ணக் கிண்ணம் காலியாகாமலிருக்க வேண்டும், எடை வாரந்தோறும் பார்க்கப்பட வேண்டும்.